முள்ளைத் திருப்பிய கை

“நாலு எழுத்து படிச்சிட்டா, மணி இவ பேச்சக் கேட்டு ஓடுமாக்கும்?” என்று மாமா கேட்டார்.

அப்பா பஹ்ரைனுக்குக் கிளம்பிய அன்று காலையில் கேட்டது. வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுக்காமல், மாமாவிடம் கொடுக்காமல், என் உள்ளங்கையில் வைத்தார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவின் அண்ணன் அவர். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் போட்டவரும் அவர்தான். போட்டுப் பதினைந்து வருஷம் ஆனபிறகும் “நான் போட்ட வாட்ச்சு” என்றுதான் சொல்வார்.

அது தினமும் சாவி கொடுக்க வேண்டிய பழைய கடிகாரம். அப்பா அதைக் கடலுக்குக் கட்டிக்கொண்டு போனதே இல்லை. கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்றால் மட்டும் கையில் ஏறும். கட்டினாலும் அவர் அதில் மணி பார்த்து நான் கண்டதில்லை. யாராவது மணி கேட்டால் கையை அவர்கள் பக்கம் நீட்டிவிடுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஒன்றாம் வகுப்பில் அட்டைக் கடிகாரத்தை வைத்து மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்த நாள் முதலாக, வீட்டில் மணி தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதில் எனக்கு அளவில்லாத கர்வம்.

“தெனமும் சாவி குடுக்க மறக்காத. முள்ளு சரியா இருக்குதான்னு பாத்துக்க. வெள்ளிக்கெழம ஆறு மணிக்கு அம்மாவ இட்டுக்கினு போன் கடைக்குப் போயிடணும். இன்னா?” என்றார் அப்பா.

சரி என்று தலையாட்டினேன். அப்பா போவது அப்போது எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. கடிகாரத்தின் கனம்தான் உறைத்தது.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த ஆடி மாதம் அது. எங்கள் படகு இரண்டாகப் பிளந்து சவுக்குத் தோப்பில் கிடந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் எங்கள் நிறுத்தத்தில் இறங்கி, கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் எங்கள் குப்பம் வரும். அந்த வருஷம் குப்பத்திலிருந்து ஏழெட்டுப் பேர் பஹ்ரைனுக்குப் போய், வேறு யாருடைய படகிலோ மீன் பிடித்தார்கள். வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை, கரைக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்வார்கள். குப்பத்தில் யாரிடமும் போன் கிடையாது. சாலையோர நிறுத்தத்தில் இருந்த போன் கடைக்குத்தான் அழைப்பு வரும்.

அந்தக் கடைக்கார அண்ணன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஒரே நேரத்தில் ஏழு குடும்பம் வந்து நின்றால் சண்டைதான் நடக்கிறது என்று, ஒரு சிலேட்டில் வீட்டுக்குப் பத்து நிமிடம் எழுதி மாட்டிவிட்டார். அந்தப் பக்கத்திலும் ஆண்கள் அதே வரிசையில் நின்று பேசினார்கள். ஐந்தரையிலிருந்து ஆரம்பித்து, ஆறிலிருந்து ஆறு பத்து எங்களுடையது. ஆறு பத்துக்கு அடுத்த வீட்டு ஆள் கூப்பிட்டுவிடுவார். நாம் தாமதமாகப் போனால் நம் பத்து நிமிடம் கரையும். யாருடைய நிமிடத்தையும் யாரும் தர மாட்டார்கள். ஒரு தடவை ஒரு அக்கா அழுதுகொண்டே கேட்டுப் பார்த்தாள். “ஒனக்கு வுட்டா அவளுக்கும் வுடணும் தங்கச்சி, அப்புறம் கடைசி வூட்டுக்காரி என்னத் திங்கவா?” என்றார் அண்ணன்.

எங்கள் பத்து நிமிடத்தில் எட்டு அம்மாவுக்கு, கடைசி இரண்டு எனக்கு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கடிகாரத்தில் நான் எண்ணிக்கொண்டிருப்பேன். அம்மா ஒவ்வொரு வாரமும் போனை எடுத்தவுடன் கேட்பது ஒரே கேள்விதான்.

“அங்க இப்ப மணி என்னா?”

எனக்கு எரிச்சலாக வரும். கையில் கடிகாரத்தோடு வெளியே ஒரு பெண் நிற்கிறேன், மணியை அப்பாவிடம் கேட்டு ஒரு நிமிடத்தை வீணாக்குகிறாளே என்று இருக்கும். அப்பா சொன்ன பதில் கதவுக்கு வெளியே கேட்காது. அம்மா தலையாட்டுவது மட்டும் தெரியும். என் முறை வந்ததும் அப்பா என்னிடம், “வாட்ச்சு ஓடுதா?” என்பார். “ஓடுதுப்பா, கரெக்டா ஓடுது” என்பேன்.

அது முழு உண்மை இல்லை.

தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவேன். அங்கே ரேடியோவில் செய்திக்கு முன்னால் பீப், பீப் என்று வரும். கடைசி பீப்புக்கு முள்ளைச் சரியாக வைப்பேன். அதற்கு முன், நேற்று வைத்ததிலிருந்து எவ்வளவு தப்பியிருக்கிறது என்று பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். டீ குடிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். “தாசில்தாரு வந்துட்டாங்க, மணி எழுதிக்கினு போவாங்க, எழுந்து நில்லு” என்று ஒருவர் சொல்வார். எனக்கு அது கேலியாகத் தெரியாது. பிறகு வீட்டுக்கு வந்து கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் கடிகாரத்தை மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்.

முதல் சில மாதங்கள் நோட்டில் ஒழுங்காக மூன்று, மூன்று, மூன்று என்றே இருந்தது. நாளுக்கு மூன்று நிமிடம் முந்தியது. அதன்பிறகு நோட்டு பைத்தியம் பிடித்ததுபோல ஆனது. ஒருநாள் எட்டு நிமிடம் முந்தும். மறுநாள் பன்னிரண்டு நிமிடம் பிந்தும். அதற்கு மறுநாள் நாலு முந்தும். நான் இன்னும் கவனமாக முள் வைத்தேன், இன்னும் கூர்மையாகப் பென்சில் சீவினேன். பயனில்லை.

ஒரு புதன்கிழமை ஆசிரியர்களுக்கு ஏதோ கூட்டம் என்று பாதி நாளில் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். அம்மா காலையில் கூடையோடு போய் மீன் விற்றுவிட்டு வந்து, பின்பக்கம் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். ஆணியில் கடிகாரம் டிக்டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. மணி ஒன்பதரை காட்டியது. டீக்கடைக்கு ஓடினேன். சரியாகப் பன்னிரண்டு. நோட்டில் எழுதினேன்: பகல் 12.00, கடிகாரத்தில் 9.30. அதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.

“அம்மா, வாட்ச்சு கெட்டுப்போச்சு.”

அம்மா கருவாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பழசாச்சில்ல” என்றாள். “நீ சாப்புடு போ.”

“நீ?”

“எனக்கு இன்னும் நேரம் ஆவல.”

அந்த நாட்களில் அம்மா பகல் சோற்றை மூன்றரை மணிக்குத்தான் சாப்பிட்டாள். விடுமுறை நாட்களில் பார்த்திருக்கிறேன். எனக்குப் போட்டுவிட்டு, தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டால் நேரம் ஆகவில்லை என்பாள். வயிற்றில் ஏதோ கோளாறு, என்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்து, அறிவியல் புத்தகத்தில் குடல்புண் பாடத்தை அவளுக்குப் படித்துக்கூடக் காட்டினேன்.

சனிக்கிழமைகளில் மாமா கருவாட்டு மூட்டையோடு சிதம்பரம் போவார். அடுத்த சனிக்கிழமை கடிகாரத்தோடும் நோட்டோடும் நானும் அவரோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மாமா, “ஒங்கப்பன் கையில பதினஞ்சு வருசம் நல்லா இருந்திச்சு. ஒங்கையில ஒரு வருசம் தாங்கல” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா அதைக் கட்டிய நாட்களைக் கூட்டினால் ஒரு மாதம்கூட வராது என்று சொல்ல நினைத்தேன். பஸ் கட்டணம் அவர் கொடுத்திருந்ததால் சொல்லவில்லை.

கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இருந்த கடையில் கடிகாரம் பார்ப்பவர் இருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்து பார்த்தார். “ஒரு வாரம் வெச்சிட்டுப் போங்க. ஓடவுட்டுத்தான் சொல்லணும்” என்றார்.

அந்த ஒரு வாரம் ஆணி வெறுமையாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தாள். நடுநடுவே, “சனிக்கெழம வந்துருமில்ல?” என்று கேட்டாள். அந்த வாரத்து வெள்ளிக்கிழமை மாமா வீட்டுப் பக்கத்தில் ஒருவரிடம் மணி கேட்டுக்கொண்டு, அரை மணி முன்னதாகவே போன் கடைக்குப் போய் நின்றோம்.

அன்று அம்மா பேசிவிட்டு வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னாள். அப்பாவின் ஒரு வருஷம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி முதலாளி கேட்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதற்கு மறுநாள் விடிந்தால் படகு கடலுக்குப் போய்விடும், இந்த முறை திரும்ப மூன்று வாரம் ஆகும்.

“யோசிச்சி வையி, நீ என்னா சொல்றியோ அதான்னு சொன்னாரு.”

“நீ என்னா சொல்லப்போற?”

அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. “வந்துருன்னுதான். வேற என்னா சொல்லுவேன்? படகு இல்லன்னா கூலிக்குப் போறாரு. எவ்வளவோ பேரு போறாங்க.”

மறுநாள் நானும் மாமாவும் மறுபடி சிதம்பரம் போனோம். கடைக்காரர் கடிகாரத்தைத் துணியில் துடைத்துக் கொடுத்தார்.

“ஒண்ணும் கோளாறு இல்ல. ஒரு நாளைக்கு மூணு நிமிஷம் ஜாஸ்தி ஓடுது. இந்த வயசுக்கு அது ஓடலாம்.”

நான் நோட்டை நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எத்தினி நாளுக்கு ஒருக்கா முள்ளு திருப்புற?”

“தெனமும்.”

“இங்க வர்றவங்க வாரத்துக்கு ஒருக்கா திருப்புவாங்க. சில பேரு தீபாவளிக்குத் தீபாவளி. நீ தெனமும் திருப்புற. ஆனா பாரு, ஒரு வாட்ச்சு ஒண்ணு முந்தும், இல்ல பிந்தும். அது அதோட கொணம். ஒருநாளு முந்தி ஒருநாளு பிந்தாது. இது வாட்ச்சு பண்ற வேல இல்ல. உங்க வூட்ல வேற யாரோ முள்ளுல கை வெக்கிறாங்க.”

மாமா சத்தம்போட்டுச் சிரித்தார். “எங்க வூட்ல மணி தெரிஞ்சதே இது ஒண்ணுதான் சார். வேற யாரு வெப்பாங்க, எலியா?”

“அப்ப எலிதான்” என்றார் அவர். “பாப்பா, ஒரு வாரத்துக்கு முள்ளத் தொடாத. எவ்வளவு ஜாஸ்தின்னு நோட்டுல கூட்டிக்க. மணி வேணும்னா அதக் கழிச்சிக்க. வாரக் கடைசில ஒருக்கா திருப்பினாப் போதும்.”

எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. முள்ளைத் திருப்புவது யாராலும் முடியும். கழித்துப் பார்ப்பதற்குப் படிப்பு வேண்டும். வீட்டுக்கு வந்து கடிகாரத்தை ஆணியில் மாட்டி, “இந்த வாரம் யாரும் இதத் தொடக்கூடாது. தொட்டா எனக்குத் தெரிஞ்சிரும்” என்று அறிவித்தேன். வீட்டில் யாரும் என்பது அம்மா ஒருத்திதான். அவள் அடுப்பு ஊதிக்கொண்டே, “சரிம்மா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோ பீப்புக்கு முள் வைத்தேன். திங்கள் காலை மூன்று நிமிடம் முந்தியிருந்தது. செவ்வாய் ஆறு. புதன் ஒன்பது. வியாழன் பன்னிரண்டு. வெள்ளி பதினைந்து. நோட்டில் அந்த எண்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. வாய்ப்பாடு ஒன்று எங்கள் வீட்டு ஆணியில் தொங்குவதுபோல இருந்தது. எலி பயந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மாலைக்குள் இன்னும் ஒன்றரை நிமிடம் கூடும், ஆகப் பதினேழு என்று வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

மாலை வந்தபோது அம்மா குளித்து, தலை வாரி, பூ வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தாள். போனில் பேச எதற்குப் பூ என்று நான் கேட்கவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பது காட்டியது. பதினேழைக் கழித்தேன். ஐந்து இருபத்து மூன்று. நடை கால் மணி நேரம். நிறைய நேரம் இருந்தது.

“கெளம்பலாம்டி” என்றாள் அம்மா.

“இன்னும் நேரம் இருக்கும்மா. இப்ப போனா சும்மா நிக்கணும்.”

உட்கார்ந்து நோட்டில் அடுத்த வாரத்துக்குக் கட்டம் போட ஆரம்பித்தேன். அம்மா வாசலுக்குப் போனாள், வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள்.

“மணி ஆவுதுடி. இன்னும் கொஞ்ச நேரத்துல ஆறாயிரும்.”

“ஆவாது. இது பதினேழு நிமிஷம் ஜாஸ்தி காட்டுது.”

“இல்லடி. இன்னிக்கி சரியாத்தான் காட்டும்.”

“எப்படி சரியாக் காட்டும்? இங்க பாரு.” நோட்டைக் கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து. “ஒனக்கு மணி பாக்கத் தெரியுமா?”

அம்மா நோட்டைப் பார்த்தாள். அதிலிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “சரி, நீ சொல்லு. நீ சொல்றப்ப போவலாம்” என்று நிலையில் சாய்ந்து நின்றாள்.

என் கணக்குப்படி ஐந்து நாற்பதுக்கு, கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்தேழுக்கு, கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். அம்மா ஓட்டமும் நடையுமாகப் போனாள். “எதுக்கும்மா ஓடுற?” என்று பின்னாலிருந்து நான் கேட்டுக்கொண்டே போனேன்.

போன் கடையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அடுத்த வீட்டு அக்கா பேசிக்கொண்டிருந்தாள். யாரோ நம் நேரத்தைத் திருடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபத்தோடு கடைச் சுவரைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஆறு பன்னிரண்டு. என் கையைப் பார்த்தேன். ஆறு பன்னிரண்டு.

கடைக்கார அண்ணன் எழுந்து வந்தார். “என்னா தங்கச்சி, எங்க போயிட்ட? மச்சான் ரெண்டு தரம் அடிச்சாரு. வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு நானும் சொல்லிக்கினே இருந்தேன். பத்து நிமிசமும் போச்சு.”

“என்னா சொன்னாரு?” அம்மாவின் குரல் மெல்லமாக வந்தது.

“‘வான்னு சொல்றதா, இருன்னு சொல்றதான்னு தெரியாம சங்கடப்பட்டுக்கினு வரல போலருக்கு. பரவால்லண்ணே, நானே முடிவு பண்ணிக்கிறேன்’னுட்டு வெச்சிட்டாரு.”

திரும்பக் கூப்பிட அம்மாவிடம் எண் இல்லை. அவர்கள் துறைமுகத்துக் கடையிலிருந்து பேசுவார்கள். ஒவ்வொரு வாரமும் வேறு கடை. அம்மா அந்த அக்கா பேசி முடிக்கும்வரை நின்றாள். அடுத்த ஆள், அதற்கு அடுத்த ஆள் என்று கடைசி வீடு பேசி முடிக்கும்வரை நின்றாள். வந்தவர்களிடமெல்லாம், அந்தப் பக்கம் வரிசையில் அவர் நிற்கிறாரா என்று மட்டும் கேட்கச் சொன்னாள். நிற்கவில்லை. அறைக்குப் போய்விட்டிருந்தார்.

அழுதால் தப்பு என்னுடையதாகிவிடும் என்று அழாமல், “அண்ணே, இந்த வாட்ச்சு பதினேழு நிமிஷம் ஜாஸ்தி காட்டணும். எப்படி சரியாச்சின்னே தெரியல” என்றேன்.

“எப்படியா? ஒங்கம்மாதான் மூணு மணிக்கு வெய்யில்ல நடந்து வந்து, இந்தக் கடிகாரத்தப் பாத்து முள்ளு வெச்சிக்கினு போச்சே! இன்னிக்கி முக்கியமான போனு, ஒரு நிமிசம் தப்பக்கூடாதுண்ணேன்னுச்சு.”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“அதுக்கு மணி தெரியாதுன்னா நெனச்ச?” என்றார் அவர். “நான்தான சொல்லிக்குடுத்தேன், ஆறு மாசம் முன்ன. சின்ன முள்ளு, பெரிய முள்ளுன்னு ஒரு மாசத்துல புடிச்சிக்கிச்சு.”

திரும்பி நடந்தோம். அம்மாவின் தலையில் பூ இன்னும் வாடவில்லை, அதனாலேயே அதைப் பார்க்க மனம் வரவில்லை. பாதி வழியில் நான்தான் வெடித்தேன். “தெரியும்னா ஏம்மா சொல்லல? நான் கேட்டனில்ல?”

அம்மா நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நோட்டெல்லாம் காட்டுனியேடி. படிச்சவ நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டேன்” என்றாள்.

மூன்று வாரம் கழித்து அப்பா கூப்பிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு வருஷம். அம்மா போனில், “சரி, நல்லதுதான்” என்றாள். அதற்கு முன்னால் வழக்கம்போல, “அங்க இப்ப மணி என்னா?” என்றும் கேட்டாள். மாமாவுக்குச் செய்தி தெரிந்ததும், அப்பா கிளம்பிய அன்று கேட்டதையே மறுபடி கேட்டார். நோட்டைப் பரண்மேல் போட்டேன். கடிகாரத்தைத் தொடுவதையும் விட்டுவிட்டேன். அம்மாவே சாவி கொடுத்தாள், அம்மாவே முள் வைத்தாள். அது என்ன மணி காட்டியது என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முள்ளைத் திருப்பியது அவள்தான் என்று தெரிந்துவிட்டது. படிக்காதவள் பழகிப் பார்க்கத் திருப்பியிருப்பாள் என்று நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் தீர்க்கரேகை வந்தது. ஊருக்கு ஊர் நேரம் எப்படி மாறும் என்று கணக்கோடு எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அப்பா வந்தார். பேட்டரி போட்ட புதுக் கடிகாரம் கையில் மின்னியது. அதற்கு முள் திருப்பும் வேலையே இல்லை. அவர் வந்த அன்று அம்மா பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதை நிறுத்தினாள். மறுநாள் அது நின்றுபோனது. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அப்பாவோடு ஒரு மணிக்கே உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள். குடல்புண் ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

பன்னிரண்டாவது முடித்து, சிதம்பரத்தில் இரண்டு வருஷம் ரத்தப் பரிசோதனைப் படிப்புப் படித்தேன். கடலூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நொடி பார்த்து வேலை செய்யும் இடம். ஒரு வருஷம் போனதும் குவைத்தில் ஒரு மருத்துவமனைக்கு விண்ணப்பித்தேன். போனில் நேர்முகத் தேர்வு வைத்தார்கள். ஏற்பாடு செய்த பெண் குவைத்திலிருந்து கூப்பிட்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்: “ஒன்பதரைக்கு விளிக்கும். அது இவிடத்தெ ஒன்பதரை கேட்டோ. உங்களுக்குப் பன்னிரண்டு.”

போனை வைத்துவிட்டு, ஒன்பதரை, பன்னிரண்டு என்று உள்ளங்கையில் எழுதிப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பரண்மேல் தேடினேன். நோட்டு கறையான் படாமல் இருந்தது. பகல் 12.00, கடிகாரத்தில் 9.30. கீழே இரண்டு கோடு. கெட்டுப்போனதற்குச் சாட்சி என்று நான் போட்ட கோடு.

பஹ்ரைனிலும் அதே மணிதான். நான் பள்ளிக்கூடம் போனதும் அம்மா முள்ளை இரண்டரை மணி பின்னுக்குத் தள்ளியிருக்கிறாள். அப்பா எழுந்திருக்கும் நேரம், வலை இழுக்கும் நேரம், சோறு உண்ணும் நேரம் எல்லாம் ஆணியில் தொங்க, பகல் முழுவதும் அதன்கீழ் வேலை செய்திருக்கிறாள். அங்கே ஒரு மணி ஆகும்வரை, இங்கே மூன்றரைவரை, பசியோடு இருந்திருக்கிறாள். நான் வருவதற்குள் என் நேரத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறாள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. அதைத்தான் நான் தப்பு என்று தினமும் எழுதினேன்.

வேலை கிடைத்தது. கிளம்பும் நாள் காலையில் பெட்டியிலிருந்து கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்தேன். ஓடியது. முள்ளைச் சரியான மணிக்கு வைத்து, பிறகு பின்னுக்குத் திருப்பி, அம்மாவின் கையில் கட்டினேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். “மணி பதினொண்ணாவுது. இதுல எட்டரன்னு இருக்குதே?”

“சரியாத்தான் இருக்குது. நீ கம்முனு இரு” என்றாள் அம்மா.

என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “தெனமும் திருப்பணுமா, வாரத்துக்கு ஒருக்கா போதுமாடி?”

“வாரத்துக்கு ஒருக்கா போதும்மா. வெள்ளிக்கெழம நான் கூப்புடுவேன்.”

இங்கே வந்து ஆறு நாள் ஆகிறது. நேற்று முதல் வெள்ளிக்கிழமை. அங்கே ஆறு மணி ஆகும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, வெயில் எப்படி என்று கேட்கவில்லை.

“அங்க இப்ப மணி என்னா?” என்றாள்.

“மூணரைம்மா” என்றேன். அவள் முள்ளைத் திருப்பி முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.